கோலியர்ஸ் வுட்டில் ஒரு முன்வரிசை ஆட்டக்காரர்

முதல் நாள் காலை ஏழு மணிக்கு, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருந்த அந்த வீட்டுக்குள் நான் போனபோது, வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் சமையலறையில் குனிந்து நின்று குளிர்சாதனப் பெட்டியைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தார். பெட்டி நகர்ந்துகொண்டிருந்தது. என்னை வேலைக்கு அனுப்பிய முதியோர் பராமரிப்பு ஏஜென்சியின் கடிதத்தில் 'வயது தொண்ணூற்றொன்று, உடல் பலவீனம், எளிதில் விழக்கூடியவர், கவனம் தேவை' என்று எழுதியிருந்தது. வீடு மாறி வந்துவிட்டேனோ என்று கதவு இலக்கத்தைத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். இலக்கம் சரிதான்.

"பின்னாலை கரண்டி விழுந்திட்டுது, லவ்" என்றார் அவர், நிமிராமலே. சுவரில் இருந்த செருகி கழன்று விழுந்தது. பெட்டியின் உறுமல் நின்றது. அவர் கரண்டியை எடுத்து, தன் காற்சட்டையில் துடைத்து, தேநீரைக் கலக்கினார்.

அவர் பேசியது ஆங்கிலம். அதுவும் இங்கிலாந்தின் வடக்கு ஆங்கிலம். முதல் மாதம் எனக்குப் பாதி விளங்கவில்லை. ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவள் நான். ஆங்கிலத்தை வகுப்பில்தான் படித்தேன், அந்த வகுப்பில் யாரும் அப்படிப் பேசவில்லை. இங்கே அவர் சொன்னதையெல்லாம் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

"நீ எந்தப் பக்கம், லவ்?" என்று அன்று கேட்டார்.

"நான் வடக்கு" என்றேன்.

அவருடைய முகம் அப்படியே மலர்ந்தது. "நானும் வடக்குத்தான்! வடக்கிலை எங்கை?"

"யாழ்ப்பாணம்."

இங்கிலாந்தின் வடக்கு ஊர்களை மனதில் எண்ணிப் பார்த்தார். "நியூகாசிலுக்கு அங்காலையோ?"

"ஓம், கொஞ்சம் அங்காலை" என்றேன். நேரம் போய்க்கொண்டிருந்தது, அவருக்குக் காலை மாத்திரை கொடுக்க வேண்டும்.

அன்று பின்னேரம் வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மின்சார வேலை செய்பவர், எதையும் இரண்டு தரம் சோதிப்பார். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"உன்னை என்னெண்டு கூப்பிட்டவர்?"

"லவ் எண்டு."

"எத்தினை தரம்?"

"ஒரு பதினைஞ்சு தரம் இருக்கும்."

"மனுசி இருக்கோ அந்தாளுக்கு?"

"செத்து எட்டு வருசமாம்."

"அப்ப யோசிக்கத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

மறுநாள் கிழவருடைய மகள் எனக்கு விளக்கினார். மகளுக்குப் பேருந்து நிலையத்தில் வேலை, இரவு ஷிப்ட். அன்று மட்டும் விடுமுறை. வடக்கில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், இறைச்சிக் கடைக்காரரையும் குழாய் திருத்த வருபவரையும்கூட. போன வாரம் மின்சார மீற்றர் பார்க்க வந்த தாடிக்காரரையும் 'லவ்' என்று கூப்பிட்டுத்தான் தேநீர் கொடுத்தாராம். இதைச் சொன்ன பிறகு என் கணவருக்கு நிம்மதி. ஆனால் அந்த வீட்டில் மின்சார வேலை ஏதும் வந்தால் தான் போகமாட்டேன் என்றார்.

நான் அவரை 'அப்பு' என்று கூப்பிடத் தொடங்கினேன். எங்கள் ஊரில் வயது போனவர்களை அழைப்பது அப்படித்தான். அர்த்தம் கேட்டார், சொன்னேன். "சேர் எண்டு மட்டும் கூப்பிடாதை. சேர் எண்டால் யூனியன்காரன்" என்றார். தொழிற்சங்கத்தைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் பிறகு எனக்குப் பெரிய வினையாக வந்தது.

அவருடைய காதுகள் இரண்டும் ஓரம் மடித்துப் பொரித்த பற்றீஸ் போல இருக்கும். மூக்கு முதலில் இடப்பக்கம் போய், யோசித்துவிட்டு வலப்பக்கம் திரும்பும். ஒரு நாள் முகம் துடைக்க உதவும்போது, "அப்பு, ஏதும் விபத்தோ?" என்று கேட்டேன்.

"விபத்தோ? பன்னிரண்டு வருசம் சனிக்கிழமை சனிக்கிழமை நடந்தது. ரக்பி விளையாடினனான், லவ்."

எனக்குச் சந்தோஷம். கொழும்பில் பெரிய பள்ளிக்கூடங்களில் விளையாடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். "ஓம், ஓம், எங்கட நாட்டிலையும் விளையாடுறவை" என்றேன். அடுத்த வாரம் அவருக்குப் பிறந்தநாள். நோர்பரியில் பழைய சாமான் கடை ஒன்றில் வெள்ளை நிற ரக்பி மேற்சட்டை தொங்கியது, நெஞ்சில் சிவப்பு ரோசாப்பூ. புதுசு மாதிரி இருந்தது. வாங்கி, கழுவி, ஸ்திரி போட்டு, கடதாசி சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிரித்துப் பார்த்தார். ரோசாப்பூவை விரலால் தடவினார். கண் கலங்குகிறாராக்கும் என்று நினைத்தேன். பிறகு மிக மரியாதையாக, "நன்றி, லவ்" என்று சொல்லி மடித்து வைத்தார். மறுநாள் நான் போனபோது அந்தச் சட்டையால் சமையலறை யன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாய்த் துடைக்குது" என்றார். "யூனியன் சட்டை இவ்வளவுக்காவது உதவுதே."

அன்று காலை முழுவதும் பாடம் நடந்தது. ரக்பி என்பது ஒன்றல்ல, இரண்டு. யூனியன் பதினைந்து பேர், லீக் பதின்மூன்று பேர். சிவப்பு ரோசா இங்கிலாந்து யூனியன் அணியின் சின்னம். முந்தி ஒன்றாகத்தான் இருந்ததாம். வடக்கில் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்கள், ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் நாளுக்குக் கூலி வேண்டும் என்று கேட்டார்கள். தெற்கில் இருந்த வசதியான மனிதர்கள், காசு வாங்கினால் அது விளையாட்டே இல்லை என்றார்கள். வடக்கு பிரிந்து போய்த் தனியாக விளையாடியது, அதுதான் லீக். அதற்குப் பிறகு லீக் பக்கம் ஒருதரம் போனவனை யூனியன் திரும்ப வாசற்படி ஏற விடவில்லை. அவருடைய கல்யாணத்தில் மனைவியின் மச்சான் ஒருவர், யூனியன்காரர், கேக்கைத் தனி அறையில் இருந்து சாப்பிட்டாராம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. "அப்பு, இது வேலிச் சண்டை. எங்கட ஊரிலையும் இருக்கு. ஒரு அடி நிலத்துக்கு மூண்டு தலைமுறை கதைக்காமல் இருப்பினம்."

"அதேதான்!" என்று மேசையில் குத்தினார். "நீ உண்மையிலை வடக்குத்தான்."

அன்றிலிருந்து காலைக் கஞ்சியோடு அவருடைய வாழ்க்கையும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவர் கஞ்சி குடிக்க நாற்பது நிமிடம் எடுப்பார். எனக்கு அந்த வீட்டில் கொடுத்த நேரம் நாற்பத்தைந்து நிமிடம்.

பதினைந்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார். பதினெட்டில், ஒரு திங்கட்கிழமை, தாய் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது, தொப்பி போட்ட இரண்டு பேர் ஊர் ரக்பிக் கழகத்தில் இருந்து வீட்டுக்கு வந்தார்கள்.

"ஓடச் சொல்லிப் பார்த்தவையோ?" என்று கேட்டேன்.

"ஓடவோ? என்னைச் சமையலறை வாசலிலை நில் எண்டினம். நிண்டன். ஒராள் உள்ளுக்கை நிண்டு பார்த்தார். 'வெளிச்சம் வரேல்லை, இவன் போதும்' எண்டார். கையெழுத்து வாங்கினவை."

அவரை முன்வரிசையில் போட்டார்கள். ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு அணியிலும் ஆறு ஆறு பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, தலைகளைச் செருகி, ஒருவரையொருவர் தள்ளுவார்கள். நடுவில் பந்து. முன்வரிசை ஓரத்தில் நிற்பவர் மற்றவர்களின் பாரத்தையும் தாங்க வேண்டும். இதை எனக்கு விளக்குவதற்காக மறுபடியும் குளிர்சாதனப் பெட்டியிடம் போனார். நான் தடுக்கப் போக, "நீ என்ர இடுப்பைப் பிடி, ரெண்டாம் வரிசை நீ" என்றார். பிடித்தேன், வேறென்ன செய்வது? அந்த நேரம் பார்த்து மகள் ஷிப்ட் முடிந்து கதவைத் திறந்தார். தகப்பன் பெட்டியில் தலையை முட்டிக்கொண்டு நிற்க, தகப்பனின் இடுப்பைக் கட்டிப்பிடித்தபடி நான். "பெட்டி திரும்பவும் நகர்ந்திட்டுது போல" என்று மட்டும் சொல்லிவிட்டு மகள் படுக்கப் போனார்.

தொழில்முறை ஆட்டக்காரர் என்றதும் நான் கார், மாளிகை என்று நினைத்திருந்தேன். அவரோ சனிக்கிழமை மத்தியானம்வரை சுரங்கத்துக்குள் நிற்பார், பிறகு அப்படியே மைதானத்துக்கு ஓடுவார். முகம் கழுவ நேரம் இருக்காது. அவரைப் பிடித்து விழுத்தியவர்கள் எல்லாரும் கரி பூசிக்கொண்டு எழும்புவார்களாம். ஒரு மாரியில் மைதானம் முழுக்கச் சேறு, இருபத்தாறு பேரும் ஒரே நிறம். எதிரணிக்காரன் என்று நினைத்துத் தன் கப்டனையே விழுத்திவிட்டார்.

"ஐயோ! கப்டன் என்ன சொன்னவர்?"

"எழும்பி, பக்கத்திலை நிண்ட எதிரணிக்காரனைப் பிடிச்சு நான் எண்டு நினைச்சுப் பேசினார். அவன் பாவம், மன்னிப்புக் கேட்டான்."

முன்பற்கள் இரண்டாம் வருடமே போய்விட்டன. முன்வரிசையில் பல் கட்டாத ஆட்களே இல்லையாம். ஆட்டம் தொடங்க முதல் எல்லாரும் கட்டுப் பற்களைக் கழற்றிப் பயிற்சியாளரிடம் கொடுப்பார்கள். அவர் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். ஒருநாள் வெளியூர் ஆட்டம் முடிந்து, பேருந்தில் அவசரமாகப் பற்களைத் திருப்பிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் ஏதோ பகிடிக்கு அப்பு சிரிக்க, மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். உள்ளே ஒரு தங்கப் பல் மின்னியது.

"'இது ஆர்ற பல்லு?' எண்டு கேட்டாள். நான் கண்ணாடியிலை போய்ப் பார்த்தன். வலப்பக்கம் நிக்கிறவன்ர பல்லு. ஆனால் சொல்லவேணும், லவ், இறைச்சி நல்லாய்க் கடிபட்டது. புதன்கிழமை பயிற்சிக்குப் போய்த்தான் மாத்தினது. அவனுக்கும் திருப்பித் தர விருப்பமில்லை."

பன்னிரண்டு வருட ஆட்டத்தில் அவர் வைத்தது ஒரே ஒரு ட்ரை. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைப்பதுதான் ட்ரை. தள்ளுவதுதான் முன்வரிசைக்காரரின் வேலை, ட்ரை வைப்பது ஓடுகிறவர்களின் வேலை. அதனால் அந்த ஒன்று அவருக்குப் பெரிய சொத்து. அதைச் சொல்லும்போது கஞ்சி ஆறிவிடும். திங்கட்கிழமை சொன்னால் இரண்டு பேரைத் தாண்டி ஓடுவார். வியாழக்கிழமை ஐந்து பேர். ஒருமுறை, காய்ச்சலோடு இருந்தபோது, ஒரு போலீஸ் குதிரையையும் தாண்டினார்.

மகள் ஒருநாள் வாசலில் வைத்து உண்மையைச் சொன்னார். அப்பாவின் தலையில் அவருடைய அணிக்காரரின் முழங்காலே இடித்ததாம். மயங்கி விழுந்த இடம் எதிரணிக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பந்து வயிற்றுக்குக் கீழே. கண் விழித்தபோது எல்லாரும் முதுகில் தட்டினார்கள். அம்மாவும் பார்க்கவில்லை, தேநீர் வரிசையில் நின்றிருந்தார். நான் இதை அப்புவிடம் பக்குவமாகக் கேட்டேன்.

"அவ அப்ப பிறக்கவே இல்லை" என்றார். நான் கஞ்சியைச் சூடாக்கப் போனேன்.

முப்பது வயதில் முழங்கால்கள் போய், ஆட்டம் முடிந்தது. சுரங்கமும் பிறகு மூடியது. மனைவி போன பிறகு மகளோடு இருக்க லண்டன் வந்தார். தெற்கில் வாழ நேர்ந்ததை அவர் ஒரு தற்காலிக ஏற்பாடாகவே பேசுவார்.

என் கணவர் எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுப் போட்டிச் செயலாளர். போன ஆனி மாதம், போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது, பிரதம விருந்தினராக வரவிருந்த, ஒரு காலத்தில் விளையாட்டு வீரராக இருந்த தமிழ்நாட்டு டாக்டர் போன் எடுத்து, "சாரி சார், ட்யூட்டி மாத்திட்டாங்க, என்னால வர முடியாது. நெஜமாவே மன்னிச்சிடுங்க" என்றார். கணவர் கதிரையில் இருந்தபடி தலையில் கை வைத்தார்.

"மூண்டு நாளிலை ஒரு விளையாட்டு வீரருக்கு நான் எங்கை போறது?"

"என்ர அப்பு இருக்கிறார்."

"நிப்பாரோ?"

"நிப்பார். சும்மா நிக்கமாட்டார்" என்றேன். அதை அவர் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டார்.

மகள் சம்மதித்து, தானும் வந்தார். அப்பு கறுத்தக் கோட்டுப் போட்டு, கழகக் கழுத்துப்பட்டி கட்டி, கைத்தடியோடு காரில் ஏறினார். மைதானத்தில் மெல்லிய தூறல், காற்று வேறு. பள்ளித் தலைவர் மாலை போட்டு வரவேற்றார். அவர் அறுபது கடந்தவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், ஊரில் ஒரு கல்லூரியின் கிரிக்கெட் அணிக்குக் கப்டனாக இருந்தவர். அதை ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருதரம் சொல்லாமல் விடமாட்டார். அன்று பட்டு வேட்டி, பட்டுச் சால்வை.

மங்கள விளக்கு ஏற்ற வேண்டும். காற்றுக்குத் திரி பிடிக்கவில்லை. தலைவர் ஏற்றினார், அணைந்தது. கணவர் ஏற்றினார், அணைந்தது. தீப்பெட்டியில் பாதி முடிந்தது. அப்பு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இவையளைச் சுத்தி நிக்கச் சொல்லு. தோளிலை தோள். குனியச் சொல்லு." நான் தமிழில் சொன்னேன். பிரதம விருந்தினர் சொன்னால் தட்ட முடியுமா? வேட்டி கட்டிய ஆறு செயற்குழு உறுப்பினர்கள் குத்துவிளக்கைச் சுற்றித் தோள் கோத்துக் குனிந்தார்கள். "இன்னும் பணிய! பின்பக்கத்தை நேராய் வை!" என்று அப்பு கைத்தடியால் பொருளாளரின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். விளக்கு முத்தாக எரிந்தது. ஆனால் ஒலிபெருக்கியில் தேவாரம் பாடிய ஆசிரியைக்குச் சிரிப்புத் தாங்காமல் இரண்டாம் அடியோடு நிற்க வேண்டி வந்தது.

ஓட்டங்கள் முடிந்து பெரியவர்களுக்கான சங்கீதக் கதிரை வந்தது. பாட்டு ஓடும்போது கதிரைகளைச் சுற்றி நடக்க வேண்டும், நின்றதும் இருக்க வேண்டும், கதிரை கிடைக்காதவர் வெளியே. அப்பு எழும்பினார்.

"அப்பு, நீங்கள் பரிசு குடுக்கிற ஆள்."

"இருந்து இருந்து குளிருது" என்று கைத்தடியை என் கையில் திணித்தார். "இதைப் பிடி, லவ்."

தொண்ணூற்றிரண்டு வயது மனிதரைப் பார்த்து எல்லாரும் விட்டுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் யாராவது அவருக்காகக் கதிரையை இழுத்துப் பிடித்தார்கள். அப்படியே கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டார். எதிரே தலைவர், நடுவில் ஒரு கதிரை. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். அப்பு ஆமை மாதிரி நடந்தார், தலைவர் மரியாதைக்காக அதைவிட மெதுவாக நடந்தார். நாதஸ்வரம் நின்றது. தலைவர் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். விட்டுக்கொடுப்பதா, வெல்வதா என்று அரை விநாடி யோசித்திருக்க வேண்டும்.

அப்பு தோளைத் தாழ்த்தினார். எனக்குக் குளிர்சாதனப் பெட்டி நினைவுக்கு வந்தது. கைத்தடியோடு ஓடினேன்.

தலைவர் புல்லில் போய் உட்கார்ந்தார். ஆனால் அவருடைய வேட்டி அவரோடு போகவில்லை. லண்டனில் இப்போது நிறையப் பேர் கட்டுவது ஒட்டு வேட்டி, இடுப்பில் இரண்டு பட்டிகளை ஒட்டினால் முடிந்தது. அதன் கரை அப்புவின் விரல்களில் சிக்கி, பர்ரென்று பிரிந்து, அப்பு இருந்த கதிரையிலேயே தங்கிவிட்டது. முழங்கால்வரை நீண்ட நீலக் காற்சட்டையோடு தலைவர் வானத்தைப் பார்த்தபடி இருந்தார்.  யாரோ பெண் ஒருவர் வெடித்துச் சிரித்தார். திரும்பிப் பார்த்தால், தலைவரின் மனைவி.

"செயலாளர்! இது பிழையான ஆட்டம்!" என்று தலைவர் புல்லில் இருந்தே கத்தினார்.

என் கணவர் விதிப் புத்தகத்தை எடுத்து இரண்டு தரம் வாசித்தார். "அண்ணை, சங்கீதக் கதிரையிலை தோள் பாவிக்கக் கூடாது எண்டு ஒரு இடத்திலையும் எழுதேல்லை" என்றார்.

அடுத்தது பரிசளிப்பு. கிண்ணத்தைக் கொடுக்க வேண்டியவர் பிரதம விருந்தினர், வாங்க வேண்டியவரும் பிரதம விருந்தினர். அப்பு தயங்கவே இல்லை. கிண்ணத்தை இடக்கையால் எடுத்து வலக்கைக்குக் கொடுத்து, கமக்கட்டுக்குள் செருகிக்கொண்டு, தன் கையைத் தானே குலுக்கினார். மகள் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார், படம் மங்கல்.

திங்கட்கிழமை ஏஜென்சியில் இருந்து கூப்பிட்டார்கள். யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம்.

"உங்கள் பராமரிப்பில் இருந்தவர் விழுந்தாரா?" என்று மேலாளர் கேட்டார்.

"இல்லை."

"அப்போ யார் விழுந்தது?"

"எங்கள் தலைவர்."

"அவரும் எங்கள் பராமரிப்பிலா?"

"இல்லை. இவர்தான் அவரை விழுத்தினவர்."

படிவத்தில் அதற்குப் பெட்டி இல்லை. 'மற்றவை' என்று போட்டோம்.

அந்த வாரமே தலைவர் கோலியர்ஸ் வுட்டுக்கு வந்தார், கையில் கண் பரிசோதிக்கும் பெட்டி. நான் கதவைத் திறந்தபோது முகம் இறுக்கமாக இருந்தது. "தங்கச்சி, அவருக்குக் கண் தெரியேல்லை எண்டு நினைக்கிறன். அதாலைதான் அப்பிடி நடந்திருக்கு. நான் ஒருக்காப் பாக்கிறன்" என்றார். கௌரவமான வழி அதுதான் என்று முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறார். சுவரில் எழுத்துப் பலகையை ஒட்டி வாசிக்கச் சொன்னார். அப்பு கடைசி வரிவரை வாசித்து, அடியில் இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்தார்.

"அப்ப நான் நிண்டது உங்களுக்குத் தெரிஞ்சதோ?"

"வடிவாய்த் தெரிஞ்சது" என்றார் அப்பு. "நீ காலைச் சேர்த்து வைச்சுக்கொண்டு நிண்டனி. காலை அகட்டி நிண்டிருந்தால் நான்தான் விழுந்திருப்பன். எழும்பு, காட்டுறன்."

நான் தேநீர் போட்டுக்கொண்டு வந்தபோது, தலைவர் கால்சட்டையை மடித்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவது குறைந்துவிட்டது. தந்தையர்களுக்கு ஒரு லீக் அணி வேண்டும் என்று செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவந்தார். விளக்குக்குக் குனிந்த அதே ஆறு பேர் கை தூக்கினார்கள், என் கணவர் உட்பட. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பூங்காவில் பயிற்சி. அப்பு மடக்குக் கதிரையில் போர்வையோடு இருந்து, வடக்கு ஆங்கிலத்தில் ஏதோ கத்துவார். யாருக்கும் விளங்காது, ஆனால் எல்லாரும் குனிவார்கள்.

முதல் பயிற்சிக்கு மறுநாள் காலை நான் அப்புவின் வீட்டுக்குப் போனேன். அவர் தானே சப்பாத்துப் போட்டு, கஞ்சியும் காய்ச்சி, யன்னலடியில் சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தார். வேலையே இல்லை. நேரத்தோடு வீட்டுக்குத் திரும்பினேன். ஐம்பத்து நாலு வயதான என் கணவர் கட்டில் ஓரத்தில் ஒரு காலுறையைக் கையில் பிடித்தபடி, தன் பாதத்தைத் தூரத்தில் இருக்கும் ஊரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குனிய ஏலாமல் கிடக்கு" என்றார்.

நான் கோட்டைக் கழற்றாமலே அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்து, வேலையில் கேட்பது போலவே கேட்டேன். "எந்தக் கால் முதல், லவ்?"